பங்கிடப் பிறந்த எண்கள்

காய்கறிக் கடையில் "கால் கிலோ கத்தரிக்காய்" என்று கேட்டால், கல் தராசு வைத்திருக்கும் கடைக்காரர் இருநூறு கிராம் கல்லையும் ஐம்பது கிராம் கல்லையும் சேர்த்துத் தட்டில் வைக்கிறார். கால் கிலோவுக்கென்று ஒற்றைக் கல் அந்த வரிசையில் இல்லை. ஐந்நூறு, இருநூறு, நூறு, ஐம்பது என்று பத்தின் கணக்கில் அமைந்த கற்கள் அவை. கேட்பவர் நாக்கோ பாதி, பாதியில் பாதி என்று போகிறது. எடையளவைச் சட்டம் 1956இல் வந்தது. சில ஆண்டுகளில் மெட்ரிக் முறை கட்டாயமாகியும்விட்டது. அதன் பிறகு பிறந்து வளர்ந்தவர்களும் கால் கிலோ என்றுதான் கேட்கிறார்கள். பழக்கம் விடவில்லை என்று இதற்குக் காரணம் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் காரணம் போதாது. பழக்கம்தான் காரணம் என்றால் பலமும் சேரும் வீசையும் மணங்கும் அல்லவா முதலில் நிலைத்திருக்க வேண்டும்? எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு என்று தலைமுறை தலைமுறையாக ஒப்பித்த வாய்பாடு, சந்தையிலிருந்து ஒரே தலைமுறையில் மறைந்துபோயிற்று. அளவுகளின் பெயர்கள் போயின. கால், அரை, முக்கால் என்ற பங்குகளின் பெயர்கள் போகவில்லை. புதிதாக வந்த கிலோவின் முதுகிலேயே அவை ஏறி உட்கார்ந்துகொண்டன. இப்படிப் பார்த்துப் பார்த்து ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைக் காப்பாற்றியது வெறும் பழக்கமாக இருக்க முடியாது. தமிழ்நாட்டில் அன்றாட எண் எந்த வேலைக்காக வளர்ந்தது என்ற கேள்விக்கு விடை இதற்குள் இருக்கிறது. எண்ணுவதைவிடப் பங்கிடுவதற்காகவே அது வளர்ந்தது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

திண்ணைப் பள்ளியின் பாடத்திலிருந்து தொடங்கலாம். சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னபோது 12,498 பள்ளிகள் இருப்பதாகத் தெரியவந்தது. அவற்றில் தமிழ்ப் பகுதிகளில் இருந்த திண்ணைப் பள்ளிகளில் கணக்குப் பாடம் என்பது பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து என்ற வரிசை. பொன்னிலக்கம் எண்களின் பெயரும் குறியும். நெல்லிலக்கம் தானிய அளவு. எண்சுவடி பெருக்கல் வாய்பாடு. குழிமாத்து நிலத்தின் பரப்பு. பெயர்களைப் பார்த்தாலே போதும்: பொன், நெல், குழி. காசும் தானியமும் நிலமும்தான் பாடத்தின் உள்ளடக்கம். அதைவிடக் கவனிக்க வேண்டியது பொன்னிலக்கம் தொடங்கும் இடம். இன்றைய பிள்ளை ஒன்று, இரண்டு என்று தொடங்குகிறது. திண்ணைப் பிள்ளை முந்திரியில் தொடங்கி, அரைக்காணி, காணி, அரைமா என்று படிப்படியாக ஏறித்தான் ஒன்றுக்கு வந்து சேரும். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. முந்திரிப் பருப்புக்கும் இதற்கும் உறவில்லை. அந்த மரத்தைப் போர்ச்சுகீசியர் கொண்டுவருவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே முந்திரிகை என்ற எண் கல்வெட்டில் இருக்கிறது. மாலையில் பள்ளி விடும்முன் சட்டாம்பிள்ளை முன்சொல்ல மற்றவர்கள் பின்சொல்லி முறை வைத்தபோது, அவர்கள் வாயில் முழு எண்களுக்குச் சமமாகப் பின்னங்களும் புரண்டன. ஒரு சமூகம் தன் பிள்ளைக்கு எதை முதலில் மனப்பாடம் செய்ய வைக்கிறதோ, அதுதான் அதற்கு அன்றாடம் தேவைப்பட்டிருக்கும்.

முந்நூற்றிருபது என்ற எண்ணில் என்ன விசேஷம்? பதினாறையும் இருபதையும் பெருக்கினால் முந்நூற்றிருபது வரும். மனிதர்கள் பங்கிடும் வழி இரண்டு. ஒன்று, பாதியாக்கிப் பாதியாக்கிப் போவது: அரை, கால், அரைக்கால், பிறகு மாகாணி. மாகாணியை வீசம் என்றும் சொல்வார்கள். அது பதினாறில் ஒன்று. கயிற்றை மடிப்பதும் குவியலைக் கையால் இரண்டாக ஒதுக்குவதும் இந்த வழி. இன்னொன்று விரல் வழி: ஐந்து, பத்து, இருபது. இருபதில் ஒன்று மா, பத்தில் ஒன்று இருமா, ஐந்தில் ஒன்று நாலுமா. இரண்டு வழிகளும் தனித்தனியே போனால் ஒரு பங்கை இன்னொரு பங்கோடு கூட்டுவது தலைவலி. முந்நூற்றிருபதில் இரண்டும் சந்திக்கின்றன. மா என்பது பதினாறு முந்திரி. வீசம் என்பது இருபது முந்திரி. காணி நான்கு முந்திரி. கால் எண்பது முந்திரி. ஒன்றும் மிச்சமில்லாமல் கூட்டலாம், கழிக்கலாம். இதன் பயனை ஒரு குடும்பத்தின் நிலத்தை வைத்துப் பார்க்கலாம். இருபது மா கொண்டது ஒரு வேலி. தஞ்சைப் பக்கத்தில் அது ஏறத்தாழ ஆறரை ஏக்கர். மூன்று மா நிலத்தை நான்கு மகன்கள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு முக்காணி. அதில் ஒருவனுடைய பங்கை அவனுடைய இரண்டு மகன்கள் பிரித்தால் காணியே அரைக்காணி. அடுத்த தலைமுறையில் மீண்டும் இருவர் என்றால் அரைக்காணி முந்திரி. மூன்று தலைமுறைப் பாகப்பிரிவினைக்குப் பிறகும் பங்குக்குப் பெயர் இருக்கிறது. சொன்னால் கேட்பவருக்குப் புரிகிறது. இதையே தசமத்தில் சொன்னால் 0.0375, 0.01875, 0.009375 என்று இலக்கம் நீண்டுகொண்டே போகும். வேலியில் எத்தனை பங்கு என்று அதிலிருந்து யாரும் காதால் கேட்டு அறிய முடியாது.

நான்காம் தலைமுறையிலும் பிரித்தால் முந்திரியும் போதாமல் போகும். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். முந்திரியையே ஒன்று என்று வைத்துக்கொண்டு, அதன் கீழே மீண்டும் அரை, கால், மா, காணி என்று இறங்குவது. இதற்கு "கீழ்" என்ற ஒரே சொல் போதும். கீழ் அரை என்றால் முந்திரியில் பாதி. கீழ்முந்திரி என்றால் முந்திரியின் முந்திரி, அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நில அளவு இந்த முறையில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. கிபி 1000ஐ ஒட்டி அவன் நடத்திய நில அளவையின் கணக்குகள் அவை. வேலி, மா, காணி, முந்திரிகை, கீழ், மீண்டும் கீழ் என்று இறங்கி, ஒரு வேலியில் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை போகின்றன. இந்த எண்ணைப் பெருமைக்குரிய பதிவாக மேடைகளில் சொல்வதுண்டு. அவ்வளவு நுட்பமாக நிலத்தை அளந்தார்களாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பங்கு அரைச் சதுர மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். வயலில் கோலை வைத்து எவராலும் அதை அளந்திருக்க முடியாது. அளந்தது கோல் இல்லை, ஓலை. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, ஊரின் மொத்த நிலத்திலிருந்து குடியிருப்பையும் குளத்தையும் வாய்க்காலையும் சுடுகாட்டையும் கழித்து, மீதிக்கு வரி விதிக்கும்போது வந்து விழுந்த பின்னம் அது. வந்த விடையைச் சுமார் என்று சொல்லி முழுதாக்காமல், கடைசிக் கீழ் வரை கொண்டுபோய்க் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதில் தெரிவது பங்குக் கணக்கின் பிடிவாதம். கூட்டினால் மொத்தம் சரியாக வந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம்.

நிலத்தில் நடந்தது களத்திலும் நடந்தது. தானிய அளவின் வரிசை இது: முந்நூற்றறுபது நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு உழக்கு, இரண்டு உழக்கு உரி, இரண்டு உரி நாழி, எட்டு நாழி குறுணி, இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி கலம். இடையில் பெரும்பாலும் இரட்டிப்புதான். அறுவடை முடிந்து களத்துமேட்டில் நெல் குவிந்ததும், அளப்பவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்கி, ரெண்டு, மூணு என்று போவார். அளந்த நெல் அப்படியே வீட்டுக்குப் போகாது. 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டுச் சீமையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பொறியாளர் தாமஸ் பர்னார்டு எடுத்த ஊர்க்கணக்கில், விளைச்சலிலிருந்து முதலில் யார் யாருக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பது ஊர் ஊராக விரிந்து கிடக்கிறது. கோயில், கணக்குப்பிள்ளை, தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், நீர் பாய்ச்சுபவர் என்று ஒவ்வொருவருக்கும் மேரை என்ற பங்கு உண்டு. மிஞ்சியதுதான் மேல்வாரம், குடிவாரம் என்று அரசுக்கும் உழுகுடிக்கும் பிரியும். கூலி, வரி, கோயில் மானியம், தொழிலாளர் ஊதியம் என்று இன்று நான்கு அலுவலகங்கள் போடும் கணக்கு அன்று ஒரே குவியலின் மீது ஒரே நாளில் முடிந்தது. அந்தக் குவியலை எத்தனை கலம் என்று எண்ணி முடிப்பது சின்ன வேலை. யாருக்கு எத்தனை நாழி என்று பிரிப்பதில்தான் எண் படித்தவனின் தேவை இருந்தது. காசிலும் இதே கதைதான். சென்னையில் எண்பது காசு ஒரு பணம். ஆகவே ஒரு காசு என்பது பணத்தின் காணி. பிறகு ரூபாய் வந்தபோது அதன் பதினாறில் ஒன்றான அணா, தமிழன் காதில் மாகாணியாகவே விழுந்தது.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். பங்கிடும் கணக்கு என்று சொல்லி அந்தக் காலத்தை நியாயம் நிறைந்ததாகக் காட்டலாமா? கூடாது. கணக்கு தெரிந்தவர்கள் சிலர். ஊர்க் கணக்குப்பிள்ளை வேலை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை 1980இல்தான் ஒழிந்தது. களத்தில் நாள் முழுக்க உழைத்த பண்ணையாளுக்குத் தனக்குக் கிடைத்த நாழி சரியா என்று சரிபார்க்கும் படிப்பை ஊர் கொடுக்கவில்லை. அதே தஞ்சைக் கல்வெட்டில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் பறைச்சேரி ஊரிலிருந்து தனியாகவே கணக்கிடப்பட்டிருக்கிறது. கீழ் முந்திரி வரை இறங்கிய கணக்கு, மனிதரை விலக்கி வைப்பதையும் அதே துல்லியத்தோடுதான் எழுதியது. ஆனால் இந்த உண்மை வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. பங்கு வேறு, சமபங்கு வேறு. எல்லாருக்கும் சமமாகப் பிரிக்கும் சமூகத்துக்கு இவ்வளவு நுணுக்கமான பின்னங்கள் தேவையே இல்லை. ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். ஆளுக்கொரு அளவு, சாதிக்கொரு அளவு, உரிமைக்கொரு அளவு என்று இருந்த இடத்தில்தான் மாகாணிக்கும் முக்காணிக்கும் வேலை வந்தது. உரிமையே பங்காக இருந்த ஊர்களை எண்ணிப் பார்க்கலாம். தொண்டை மண்டலத்து மிராசு ஊர்களில் நிலம் இன்னாருக்கு இந்த வயல் என்று இல்லாமல், ஊரில் இன்னாருக்கு இத்தனை பங்கு என்று இருந்தது. கோயில் பூசை முறையையும் மாதத்தில் இத்தனை நாள் என்று பங்காக வைத்திருந்தார்கள். பங்கை விற்றார்கள், ஒற்றி வைத்தார்கள், சீதனமாகக் கொடுத்தார்கள். பின்னம் அங்கே சொத்தின் பெயராகவே இருந்தது.

இன்னொரு மறுப்பு: இது தமிழுக்கு மட்டும் உரியதா? இல்லை. மலையாளத்திலும் முந்திரிகையும் முக்காணியும் உண்டு. தெலுங்கில் நான்கு நான்காகப் பிரியும் பின்னக் குறிகள் உண்டு. வடக்கே பாவ், சவா, டேட், டாயி என்று கால், ஒன்றேகால், ஒன்றரை, இரண்டரைக்குத் தனித்தனிச் சொற்கள் இன்னும் புழங்குகின்றன. உழவும் பங்கும் இருந்த இடமெல்லாம் பின்னம் செழித்தது என்றால், அது இந்த வாதத்துக்குத் துணைதான். குறையும் இருந்தது. முந்நூற்றிருபதை மூன்றால் வகுத்தால் மிச்சம் வரும்; மூன்றில் ஒன்றை இந்த முறையில் முழுமையாக எழுத முடியாது. ஆனால் எண்ணால் முடியாததை அளவைகளின் வழியாகச் சமாளித்தார்கள். இரட்டிப்பாகவே ஏறிவந்த தானிய வரிசையின் உச்சியில் மூன்று தூணி ஒரு கலம் என்று ஒரு மூன்று நுழைந்திருப்பதால், கலத்தில் மூன்றில் ஒன்று என்பது வெறும் ஒரு தூணி. காசில் அணாவுக்குப் பன்னிரண்டு பை என்று இருந்ததால் அங்கும் மூன்று வகுபட்டது. எந்தப் பங்கு எந்தப் பொருளில் அடிக்கடி வருமோ அதற்கேற்ப அளவு வளைந்துகொடுத்தது. ஒரே முறையை எல்லாப் பொருளின் மீதும் திணிக்கவில்லை. கற்பவருக்கு அது சுமை, பயன்படுத்துபவருக்கு வசதி.

சுழியம் இல்லாத எண்முறை பின்தங்கியது இல்லையா என்றும் கேட்பார்கள். பழைய தமிழ் எழுத்தெண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்தன. 243ஐ ௨௱௪௰௩ என்று, வாயால் சொல்வது போலவே எழுதினார்கள். இட மதிப்பும் சுழியமும் தமிழ் அச்சு நூல்களில் ஊன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1825இல் சென்னையில் வந்த கணித தீபிகை அதற்கு முன்னோடி. பெரிய எண்களைப் பெருக்கவும் வகுக்கவும் இட மதிப்பு எவ்வளவு எளிது என்பதில் சந்தேகமில்லை. பழைய முறையில் எழுத்து விடையைப் பதிந்துவைக்க மட்டும்தான்; கணக்கு நடந்த இடம் நினைவு. எண்சுவடி முழுவதையும் நெஞ்சில் ஏற்றினால்தான் கணக்கு வரும். அதற்குப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பட்ட பாட்டையும் வாங்கிய அடியையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் கேள்வி எது உயர்ந்தது என்பது அன்று. எது எதற்காக என்பது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலைப் புரட்டினால் பலாப்பழத்தைப் பிளக்காமல் சுளை எண்ணும் வழி போன்ற வேடிக்கைகளுக்கு நடுவே பொன்னும் நிலமும் நெல்லும் அரிசியும்தான் பக்கம் பக்கமாக வருகின்றன. கோடிகளைப் பெருக்கும் தேவை ஊரில் அரிது. கலத்தில் மாகாணி எவ்வளவு என்பது நாள்தோறும் வரும் தேவை. அந்தத் தேவைக்குச் சுழியம் இல்லாமலேயே வேலை நடந்தது.

பிறகு தேவைதான் மாறியது. வரி தானியத்திலிருந்து பணமாயிற்று; பங்கு ஊர்கள் தனிப் பட்டாக்களாகப் பிரிந்தன; கூலி களத்தை விட்டுச் சம்பளநாளுக்குப் போயிற்று. ஊர் எல்லைக்குள் முடிந்துபோன கணக்கு ரயிலிலும் கப்பலிலும் ஏறியபோது, ஊருக்கு ஊர் மாறும் மரக்காலும் குழியும் இடைஞ்சலாயின. எல்லாருக்கும் ஒரே அளவு, யாரும் சரிபார்க்கக்கூடிய கணக்கு என்பது சின்ன ஆதாயம் இல்லை. கணக்குப்பிள்ளையின் ஓலைக்கு முன் வாய் திறக்க முடியாமல் நின்றவர்களின் பேரன்கள், பள்ளியில் தசமம் படித்துத் தாங்களே கணக்குப் பார்த்தார்கள். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு நூறு நயா பைசா வந்தது. அணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்று மாற்ற வேண்டியிருந்தது. பதினாறு நூறில் ஒட்டாது. ஆனாலும் பணம் தசமமானால் மக்கள் மனமும் தசமமாகிவிடும் என்பதற்கில்லை. இலங்கைத் தமிழர் அனுபவமே இதற்குச் சான்று. இலங்கையில் ரூபாய்க்கு நூறு சதம் என்பது 1872இலேயே வந்துவிட்டது; இந்தியாவுக்கு எண்பத்தைந்து ஆண்டு முன்பு. எனினும் யாழ்ப்பாணத்தில் நிலத்தை இன்றும் பரப்பில்தான் பேசுகிறார்கள். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். கைச்செலவுக்குச் சதம், நிலம் பிரிக்கப் பரப்பு. எண்ணும் இடத்தில் நூறு எளிதாக நுழைந்தது. பிரிக்கும் இடத்தில் பதினாறு அசையவில்லை.

தமிழ்நாட்டில் எது பிழைத்தது, எது போனது என்று பிரித்துப் பார்த்தாலும் இதே கோடுதான் தெரிகிறது. தங்கம் கிராமில் அச்சாகிறது, சவரனில் பேசப்படுகிறது. எட்டு கிராம் ஒரு சவரன் என்பதால் அரைச் சவரன், கால் சவரன் என்று பாதி பாதியாக இறங்கலாம். ஒரு கிராம் என்பது சரியாக அரைக்கால் சவரன். நகை என்பது மகள்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொருள் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. ஏக்கரை நூறாக வகுத்த சென்ட் முழுக்கத் தசமத்தின் பிள்ளை. மனை வாங்குபவர் அதையும் ரெண்டேகால் சென்ட், மூன்றரை சென்ட் என்று வெட்டுகிறார். எதிர்ப்பக்கத்தில், யாரும் யாரோடும் பங்கிட வேண்டாத அளவுகள் சத்தமில்லாமல் மாறிவிட்டன. மின்சாரத்துக்கு யூனிட், பெட்ரோலுக்கு லிட்டரோடு புள்ளி வைத்த இலக்கம், காய்ச்சலுக்கு டிகிரி; இவற்றில் மாவும் வீசமும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காலுக்குக் கீழே இருந்த பின்னங்கள் புழக்கத்திலிருந்து நழுவியதற்கும் காரணம் இதுதான். களத்துமேட்டில் பதினாறு பேருக்குப் பிரித்த குவியல் இல்லாமல் போனபோது, வீசத்துக்குப் பிரிக்க ஒன்றுமில்லை. வேலை முடிய இன்னும் கொஞ்சம்தான் என்பதற்கு முக்காலே மூணு வீசம் முடிந்தது என்று சொல்கிறவர், பதினாறில் பதினைந்து என்று எண்ணிச் சொல்வதில்லை. இம்மியளவும் நகரமாட்டேன் என்பவருக்கு இம்மி கீழ்முந்திரிக்கும் கீழே கிடந்த ஓர் எண் என்பது நினைவில் இருப்பதில்லை. பங்கு போன இடத்தில் எண் வழக்குத்தொடராக உறைந்துவிட்டது.

ஆகவே பழைய பின்னங்கள் அழிந்ததை ஓர் அறிவின் அழிவு என்று புலம்புவதும், தசமத்தின் வருகையை இருட்டிலிருந்து வெளிச்சம் என்று கொண்டாடுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். இரண்டுமே எண்ணை வாழ்க்கையிலிருந்து பிடுங்கித் தனியே வைத்துப் பார்க்கின்றன. 2019இல் தமிழ்ப் பின்னக் குறிகளும் பழைய அளவுக் குறிகளுமாக 51 எழுத்துகளுக்கு யூனிகோடில் இடம் கிடைத்தது. ஓலைகளையும் கல்வெட்டுகளையும் கணினியில் பிழையின்றி ஏற்ற அது பெரிய உதவி. ஆனால் முந்திரியின் குறியைத் திரையில் காட்டினால் முந்திரி திரும்பி வந்துவிடாது. அதை வேண்டிநின்ற மூன்று மா நிலமும் நான்கு பங்காளிகளும் வேண்டும். கால் கிலோவை வேண்டுகிறவர்களோ இன்னும் இருக்கிறார்கள். மின்தராசு வந்தபின் இருநூறு கல்லும் ஐம்பது கல்லும்கூடத் தேவையற்றுப் போயின, திரையில் 0.250 என்று எரிகிறது. அதைப் பார்த்துக் கடைக்காரர் வாய்விட்டுச் சொல்வது கால் கிலோ.